சட்டகம் அறிந்து மென்பொருள் அமைப்போம்



கணினியை இயக்கத் தெரிந்த எவருக்கும் ஒரு காட்சி பழக்கமானது. திரையில் ஒரு சாளரம் திறக்கிறது. மேலே ஒரு பட்டியல், நடுவே எழுதுவதற்குரிய கட்டங்கள், கீழே 'சேமி' என்றும் 'நீக்கு' என்றும் இரண்டு பொத்தான்கள். அந்தச் செயலியை எழுதிய நிரலாளர் இவை அனைத்தையும் தம் கையாலேயே உருவாக்கினார் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மை அதுவன்று. அந்தச் சாளரமும் பொத்தானும் பெரும்பாலும் இரவல் பொருள்கள். வேறு எவரோ, வேறு எங்கோ, பல ஆண்டுகள் உழைத்துச் செய்துவைத்தவை. நிரலாளர் அவற்றைப் பெற்று, அவற்றின்மேல் தம் செயலியை எழுப்பியிருக்கிறார். இவ்வாறு இரவல் பெறும் அடித்தளத்தை நிரலாளர்கள் 'ஃபிரேம்வொர்க்' என்பார்கள். நாம் இதனைச் சட்டகம் என்று வழங்குவோம்.

மேசைக் கணினியிலும் மடிக்கணினியிலும் இயங்கும் ஒரு செயலியை எழுதப் புகுமுன், எந்தச் சட்டகத்தை, எதை எதை எண்ணிப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது என்பதே இன்றைய பேச்சின் பொருள். கணினித் துறையில் பயிலும் இளைஞர்களுக்கு இது நேரடியாகப் பயன்படும். நிரல் எழுதத் தெரியாதவர்களும் கேட்கவேண்டிய செய்தி இது. சங்கத்துக்கோ கடைக்கோ பள்ளிக்கோ ஒரு செயலி வேண்டுமென்று பணம் கொடுப்பவர்கள் அவர்கள்தாம். அந்தச் செயலி பத்தாம் ஆண்டில் இயங்காமற்போனால் இழப்பும் அவர்களுக்கே.

முதலில், சட்டகம் நமக்கு என்ன தருகிறது என்று பார்ப்போம். ஒரு சிறிய பொத்தானை எடுத்துக்கொள்ளுங்கள். பார்ப்பதற்கு அது ஒரு பெட்டி; அதற்குள் ஒரு சொல். ஆனால் அதற்குரிய வேலைகள் எத்தனை! சுட்டி அதன்மேல் வந்தால் நிறம் மாறவேண்டும். அழுத்தினால் அழுந்தியதுபோல் தோன்றவேண்டும். அழுத்தக் கூடாத நேரத்தில் மங்கிக் கிடக்கவேண்டும். சுட்டியைத் தொடாமல் விசைப்பலகையைக்கொண்டே இயக்க இயலவேண்டும். சிறிய திரையிலும் பெரிய திரையிலும் எழுத்துத் தெளிவாக இருக்கவேண்டும். கண்பார்வை இல்லாத ஒருவர் கணினியைப் பயன்படுத்தும்போது, 'இது சேமிக்கும் பொத்தான்' என்று திரைவாசிப்பான் அவருக்குச் சொல்லும்படி அது தன்னை அறிவிக்கவேண்டும். ஒரு பொத்தானுக்கே இவ்வளவு என்றால், அட்டவணை, நாட்காட்டி, அச்சிடும் வசதி ஆகியவற்றை எல்லாம் தனியொருவர் செய்து முடிப்பது எப்போது? ஆகவேதான் சட்டகம் தேவைப்படுகிறது.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டையும் மனத்தில் கொள்ளவேண்டும். கருவிப் பெட்டியிலிருந்து ஒரு சுத்தியலை எடுத்துப் பயன்படுத்துகிறோம்; வேலை முடிந்ததும் திரும்ப வைத்துவிடுகிறோம். நிரலுலகில் இத்தகைய கருவிகள் 'நூலகம்' எனப்படும். நூலகத்தை நாம் அழைக்கிறோம். சட்டகமோ நம்மை அழைக்கிறது. செயலி தொடங்கியதும் ஆட்சி சட்டகத்தின் கைக்குப் போய்விடுகிறது. பொத்தானை யாரேனும் அழுத்துகிறார்களா, விசையைத் தட்டுகிறார்களா என்று அது ஓயாமல் காத்திருக்கும்; ஏதேனும் நிகழ்ந்தால் நாம் எழுதிய பகுதியைக் கூப்பிட்டு, 'இப்போது உன் வேலையைச் செய்' என்று சொல்லும். சந்தைக் கட்டடத்தில் ஒரு கடை எடுப்பதைப் போன்றது இது. கூரை, தண்ணீர், மின்சாரம் எல்லாம் கட்டடத்தார் தருகிறார்கள். ஆனால் கதவு திறக்கும் நேரமும் மூடும் நேரமும் அவர்கள் வகுத்தவை. கட்டடத்தையே இடிக்க அவர்கள் முடிவுசெய்தால், நம் கடையும் அதோடு போகும்.

நம் நாட்டு மக்களுக்கு இன்னோர் உவமையும் எளிதில் விளங்கும். வீடு வாங்கப் போகிறவர் சுவரின் வண்ணத்தையும் சமையலறையின் அழகையும் மட்டுமா பார்க்கிறார்? நிலம் நிரந்தர உரிமையா, 99 ஆண்டுக் குத்தகையா, குத்தகையில் இன்னும் எத்தனை ஆண்டுகள் மீதம் என்றும் கேட்கிறார் அல்லவா? சட்டகமும் ஒரு நிலமே. முதல் நாளில் எவ்வளவு விரைவாக ஒரு சாளரத்தை வரைந்து காட்டுகிறது என்பது சுவரின் வண்ணம். நிலம் யாருடையது, எந்த நிபந்தனையின்பேரில் நமக்குக் கிடைக்கிறது, எத்தனை காலத்துக்குக் கிடைக்கும் என்பவையே குத்தகைப் பத்திரம். இன்று நாம் சொல்ல விரும்பும் கருத்தும் இதுவே: சட்டகத்தைத் தேர்வோர் முதல் நாளின் வசதியைப் பார்க்கும் அளவுக்குப் பத்தாம் ஆண்டின் நிலையையும் பார்க்கவேண்டும்.

இது வெறும் அச்சமன்று என்பதைச் சில வரலாறுகள் காட்டும்.

ஆப்பிள் நிறுவனம் தன் பழைய இயங்குதளத்தை விட்டுப் புதிய 'மேக் ஓ.எஸ். எக்ஸ்' என்னும் இயங்குதளத்துக்கு மாறிய காலத்தில், பழைய செயலிகள் எளிதாக இடம்பெயர்வதற்காக 'கார்பன்' என்னும் ஏற்பாட்டை அமைத்துக் கொடுத்தது. படங்களைத் திருத்தும் புகழ்பெற்ற செயலியாகிய ஃபோட்டோஷாப், மேக் கணினிகளில் இந்தக் கார்பனை நம்பியே இயங்கியது. கணினிகள் 32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்கு மாறிக்கொண்டிருந்த வேளையில், 2007ஆம் ஆண்டு ஆப்பிள் ஒரு முடிவெடுத்தது: கார்பனின் சாளரங்களுக்கு 64 பிட் வடிவம் இல்லை; 'கோக்கோ' என்னும் மற்றொரு சட்டகத்துக்கே அது கிடைக்கும். விளைவு என்ன? 2008இல் வெளிவந்த ஃபோட்டோஷாப் பதிப்பு விண்டோஸில் 64 பிட்டாக வந்தது, மேக்கில் வரவில்லை. அங்கு அது வருவதற்கு 2010ஆம் ஆண்டு ஆயிற்று. அடோபி போன்ற பெரிய நிறுவனமே, நில உரிமையாளர் எடுத்த ஒரு முடிவினால் மிகப் பெரிய நிரல் தொகுதியை மாற்றி எழுத நேர்ந்தது. 2019இல் ஆப்பிள் 32 பிட் செயலிகளுக்கு இடமே இல்லை என்று சொன்னபோது, மாறாதிருந்த கார்பன் செயலிகள் புதிய இயங்குதளத்தில் நின்றுபோயின.

இரண்டாவது வரலாறு இன்னும் வியப்பானது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இரண்டு மாணவர்கள் 1995இல் 'ஜிம்ப்' என்னும் படம் திருத்தும் செயலியை எழுதத் தொடங்கினார்கள். அதற்கெனவே தாங்கள் உருவாக்கிய கருவித் தொகுதிக்கு 'ஜிடிகே' என்று பெயரிட்டார்கள். 'ஜிம்ப்பின் கருவித் தொகுதி' என்பதன் சுருக்கமே அப்பெயர். நாளடைவில் ஜிடிகே வளர்ந்து, பல நூறு செயலிகளுக்கு அடித்தளமாயிற்று. அதன் மூன்றாம் பதிப்பு 2011இலும், நான்காம் பதிப்பு 2020 டிசம்பரிலும் வெளிவந்தன. ஆனால் எந்தச் செயலிக்காக அது பிறந்ததோ, அந்த ஜிம்ப் மூன்றாம் பதிப்பின்மேல் அமர்ந்து நிலையான வெளியீடாக வந்தது 2025 மார்ச்சில்தான். இடையே 14 ஆண்டுகள். பிள்ளை வளர்ந்து ஓடிவிட, தாய் பின்னே நடந்து வந்த கதை இது. ஒரு சட்டகத்தின் ஒரு பதிப்பிலிருந்து மறு பதிப்புக்கு மாறுவதே எவ்வளவு பெரிய உழைப்பு என்பதை இதிலிருந்து நாம் அறியலாம்.

மூன்றாவது வரலாறு உரிமத்தைப் பற்றியது. நார்வே நாட்டில் ஹாவர்ட் நோர்ட், ஐரிக் சாம்பே-எங் என்னும் இருவர் 1991இல் ஒரு சட்டகத்தை உருவாக்கத் தொடங்கினர். அதுவே 'கியூட்'. 1996இல் ஜெர்மனியில் மத்தியாஸ் எட்ரிக் என்னும் மாணவர், லினக்ஸ் போன்ற இயங்குதளங்களுக்கு அழகிய திரைச் சூழலொன்றை அமைக்க முனைந்து, 'கேடிஇ' திட்டத்தைத் தொடங்கினார். அதற்குக் கியூட்டைத் தேர்ந்துகொண்டார். தொழில்நுட்ப நோக்கில் அது நல்ல தேர்வுதான். ஆனால் அக்காலத்தில் கியூட்டின் உரிமம், கட்டற்ற மென்பொருள் இயக்கத்தார் ஏற்கும் உரிமமாக இல்லை. ஆகவே 1997இல் மெக்சிகோவில் மிகேல் டி இகாசா, ஃபெதரிக்கோ மேனா ஆகிய இருவரும் 'க்னோம்' என்னும் மாற்றுத் திட்டத்தை அறிவித்து, ஜிடிகேயின்மேல் அதனைக் கட்டினர். பின்னர்க் கியூட்டின் உரிமம் திருந்தி, 2000இல் கட்டற்ற உரிமமொன்றின்கீழும் வெளிவந்தது. ஆயினும் அன்று பிரிந்த இரண்டு குடும்பங்களும் இன்றுவரை தனித்தனியாகவே வாழ்கின்றன. உரிமப் பத்திரத்தின் சில வரிகளுக்கு எவ்வளவு ஆற்றல் உண்டு, பாருங்கள்.

இந்த வரலாற்றில் நாம் பாராட்டவேண்டிய பகுதியும் ஒன்றுண்டு. 1998இல் கேடிஇ திட்டத்தார் கியூட்டின் உரிமையாளருடன் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டனர். அந்நிறுவனம் கட்டற்ற பதிப்பை வெளியிடுவதை நிறுத்திவிட்டால், மிகத் தாராளமான உரிமத்தின்கீழ் அதனை வெளியிடும் உரிமை ஓர் அறக்கட்டளைக்கு வந்துசேரும் என்பது அதன் சாரம். பிறகு 2008இல் கியூட்டை நோக்கியா வாங்கியது. 2012இல் அது ஃபின்லாந்தின் டிஜியா நிறுவனத்துக்குக் கைமாறியது. இப்போது தனி நிறுவனமாகவே இயங்குகிறது. உரிமையாளர்கள் மாறினார்கள், ஒப்பந்தம் நிலைத்தது. வாய்ச்சொல்லை நம்பாமல் பத்திரத்தை எழுதி வாங்கியவர்களின் முன்னறிவு இது.

இனி நம் ஊருக்கு வருவோம். 800 உறுப்பினர்களைக் கொண்ட ஒரு கூட்டுறவுச் சங்கம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். உறுப்பினர்களின் பங்குத்தொகை, மாதச் சேமிப்பு, கடன், வட்டி ஆகியவை இன்று பேரேட்டில் எழுதப்படுகின்றன. அலுவலகத்தில் மூன்று கணினிகள், ஓர் அச்சுப்பொறி. இணையத் தொடர்பு விட்டுவிட்டு வருவதால், கணினியிலேயே குடியிருக்கும் செயலிதான் வேண்டும் என்று செயலவை முடிவுசெய்கிறது. கணினிக் கல்வி முடித்த இரண்டு இளைஞர்கள் எழுதித் தர முன்வருகிறார்கள். அவர்கள் என்னென்ன கேள்விகளைக் கேட்டுக்கொள்ளவேண்டும்?

முதல் கேள்வி: செயலி எந்தக் கணினிகளில் இயங்கவேண்டும்? மூன்றும் விண்டோஸ் கணினிகளே, இனிமேல் வாங்குவனவும் அவையே என்றால், விண்டோஸுக்கே உரிய சட்டகம் போதும். நாளைக்குச் செயலாளரின் மேக் மடிக்கணினியிலும் அது வேண்டும் என்றால், பல இயங்குதளங்களில் இயங்கும் சட்டகம் தேவை. இல்லாத தேவைக்காகப் பெரிய சட்டகத்தைச் சுமப்பதும் வீண். இருக்கும் தேவையை மறந்து சிறியதில் மாட்டிக்கொள்வதும் தவறு.

இரண்டாவது கேள்வி: எழுதும் கைகளுக்கு எந்த நிரல்மொழி பழக்கம்? சி ஷார்ப் தெரிந்தவர்களுக்கு மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் ஃபார்ம்ஸ், டபிள்யூ.பி.எஃப். என்னும் இரண்டும் இயல்பாக வரும். சி பிளஸ் பிளஸ் அல்லது பைத்தான் தெரிந்தவர்கள் கியூட்டைக் கையாளலாம். பாஸ்கல் மொழியில் பழகியவர்களுக்கு டெல்ஃபையும், அதன் வழியைப் பின்பற்றி இலவசமாகக் கிடைக்கும் லசாரஸும் உண்டு. இணையப் பக்கங்களை எழுதிப் பழகியவர்கள் எலெக்ட்ரானைப் பற்றிக்கொள்வார்கள். இங்கு ஒரு நுட்பத்தையும் கருதவேண்டும். இந்த இரண்டு இளைஞர்களும் நாளை வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விடலாம். அவர்கள் விட்டுச்செல்லும் நிரலைப் படித்துத் திருத்த நம் வட்டாரத்தில் வேறு ஆட்கள் கிடைப்பார்களா? தெரிந்த மொழி என்பது எழுதுபவருக்கு மட்டுமன்று, பின்னால் வருபவருக்கும் தெரிந்த மொழியாக இருக்கவேண்டும்.

மூன்றாவது கேள்வி: நிலத்தின் உரிமையாளர் யார்? அவர் இதுவரை எப்படி நடந்துகொண்டார்? மைக்ரோசாஃப்டின் வரலாறு இதற்கு நல்ல பாடம். விண்டோஸ் ஃபார்ம்ஸ் 2002இல் வந்தது; டபிள்யூ.பி.எஃப். 2006இல் வந்தது. 2012இல் விண்டோஸ் 8 உடன் புதியதொரு முறை வந்தது; 2015இல் விண்டோஸ் 10 உடன் அது உருமாறியது; 2021இல் மற்றொன்று வந்தது. ஒவ்வொரு முறையும் 'இதுவே எதிர்காலம்' என்னும் பேச்சு எழுந்தது. ஆனால் பழையவை என்று பலரும் ஒதுக்கிய முதல் இரண்டும் இன்றும் பேணப்படுகின்றன. 2018 டிசம்பரில் அவற்றின் மூல நிரலும் பொதுவில் வைக்கப்பட்டது. புதியது நெடுநாள் வாழும் என்பதற்கு உறுதி இல்லை. ஏராளமான அலுவலகங்கள் ஏற்கெனவே நம்பியிருக்கும் ஒன்றை எளிதில் கைவிட எந்த நிறுவனத்துக்கும் துணிவு வராது.

நான்காவது கேள்வி: உரிமத்தின் நிபந்தனை என்ன? இலவசம் என்ற ஒரு சொல்லோடு நின்றுவிடக் கூடாது. கியூட்டின் பெரும்பகுதி 2009 முதல் எல்.ஜி.பி.எல். என்னும் உரிமத்தின்கீழும் கிடைக்கிறது. நம் செயலியின் மூல நிரலை வெளியிடாமலேயே அதனைப் பயன்படுத்தலாம். ஆனால் பயனர் விரும்பினால் அந்தச் சட்டகத்தின் பகுதியை மாற்றிக்கொள்ள வழிவிடுவது போன்ற கடமைகள் உண்டு. அதன் சில பகுதிகளோ, இன்னும் கடுமையான உரிமத்தில் இருக்கின்றன. சங்கத்தின் சொந்தப் பயனுக்கென்றால் இவை பெரிதும் தடையாகமாட்டா. செயலியைப் பிற சங்கங்களுக்கு விற்கும் எண்ணமிருந்தால், உரிமத்தை வரிவரியாகப் படித்தபிறகே தொடங்கவேண்டும்.

ஐந்தாவது கேள்வி நம்மைப் போன்றவர்களுக்கே உரியது: சட்டகம் தமிழை அறியுமா? ஆங்கிலத்தில் எழுதிச் சோதித்துப் பார்த்துவிட்டு, 'எல்லாம் நன்றாக இருக்கிறது' என்று முடிவுகட்டிவிடுகிறோம். 'கொ' என்னும் எழுத்தைப் பாருங்கள். கணினியின் உள்ளே முதலில் 'க', அதன் பின்னே ஒகரக் குறி. திரையிலோ ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னும், துணைக்கால் பின்னும் வரவேண்டும். இந்த வேலையைச் செய்வது எழுத்துகளை வடிவமைக்கும் பொறி. கியூட், ஜிடிகே, எலெக்ட்ரான் ஆகியவை எல்லாம் 'ஹார்ஃப்பஸ்' என்னும் பொறியைப் பயன்படுத்துவதால், ஏற்ற எழுத்துரு இருந்தால் தமிழ் செம்மையாகவே தெரியும். ஆனால் தன் எழுத்துகளைத் தானே வரைந்துகொள்ளும் சில சிறிய சட்டகங்களில் கொம்பு இடம்மாறிக் கிடப்பதைக் காணலாம்.

தோற்றத்தோடு சோதனை முடிந்துவிடாது. உறுப்பினர் பட்டியலை அகரவரிசைப்படுத்திப் பாருங்கள். நம் அகராதி முறைப்படி மெய்யெழுத்து முன்னே, உயிர்மெய் பின்னே. ஆகவே 'அன்பழகன்' முதலிலும் 'அனந்தன்' அடுத்தும் வரவேண்டும். எழுத்துகளுக்குக் கணினியில் கொடுக்கப்பட்ட எண்களின்படி மட்டும் அடுக்கினால், புள்ளியின் எண் பெரிதாக இருப்பதால் 'அனந்தன்' முன்னே வந்துவிடுவார். தமிழ் வரிசையை அறிந்த அடுக்குமுறையைச் சட்டகம் தருகிறதா, இல்லையெனில் வெளியிலிருந்து சேர்க்க இயலுமா என்று முதலிலேயே பார்த்துவிடவேண்டும். அச்சுப்பொறியில் தமிழ் சரியாக வருகிறதா என்பதையும் மறக்கக் கூடாது. திரையில் சிரித்த எழுத்து தாளில் அழுவதும் உண்டு.

இதனோடு சேர்த்து, முன்னே சொன்ன திரைவாசிப்பான் சோதனையையும் செய்யவேண்டும். 'என்.வி.டி.ஏ.' என்னும் திரைவாசிப்பான் விண்டோஸில் இலவசமாகவே கிடைக்கிறது. அதனை இயக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நம் செயலியில் ஒரு கடன் விண்ணப்பத்தை நிரப்பிப் பார்த்தால், உண்மை விளங்கிவிடும். பார்வையற்ற ஓர் உறுப்பினரின் மகள் நாளை அலுவலகப் பணிக்கு வரலாம். அந்த உறுப்பினரே செயலவைக்குத் தேர்ந்தெடுக்கப்படலாம். சங்கத்தின் கதவு அவர்களுக்கு மூடியிருக்கலாகாது.

ஆறாவது கேள்வி: சுமை எவ்வளவு? எலெக்ட்ரான் என்னும் சட்டகம், 'ஆட்டம்' என்ற எழுத்துத் தொகுப்பானுக்காகக் கிட்ஹப் நிறுவனம் உருவாக்கியது. ஒரு முழு இணைய உலாவியையே செயலிக்குள் வைத்துக் கட்டிக்கொடுக்கிறது. எங்கும் ஒரே தோற்றம், இணையம் பழகியவர்களுக்கு எளிமை என்பவை அதன் நன்மைகள். விஷுவல் ஸ்டுடியோ கோட், ஸ்லாக் முதலிய பெயர்பெற்ற செயலிகள் அதன்மேல் எழுந்தவை. ஆட்டம் 2022 டிசம்பரில் நிறுத்தப்பட்டது, எலெக்ட்ரானோ வாழ்கிறது. ஆனால் ஒரு சிறு பேரேட்டுச் செயலியும் நூறு மெகாபைட்டைத் தாண்டிப் பருத்துவிடும். நினைவகத்தையும் தாராளமாக எடுத்துக்கொள்ளும். உள்ளே இருக்கும் உலாவியின் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும்போதெல்லாம் நாமும் செயலியைப் புதுப்பித்துத் தரவேண்டும். இயங்குதளத்தில் ஏற்கெனவே இருக்கும் உலாவிப் பொறியையே பயன்படுத்தும் 'டௌரி' போன்ற சட்டகங்கள் இச்சுமையைக் குறைக்கின்றன. ஆனால் ஒவ்வோர் இயங்குதளத்திலும் பொறி வேறாக இருப்பதால் தோற்றத்தில் சிறு வேறுபாடுகள் நேரும். நம் சங்கத்தின் பழைய கணினிகள் எதைத் தாங்கும் என்பதே முடிவுக்கு அளவுகோல்.

இந்த ஆறு கேள்விகளுக்கும் விடை எழுதிப் பார்த்தால், நம் சங்கத்துக்கு ஏற்ற முடிவு தானே வெளிப்படும். மூன்றும் விண்டோஸ் கணினிகள், இளைஞர்களுக்குச் சி ஷார்ப் தெரியும், கணினிகள் பழையவை, அச்சிடுதல் மிகுதி. இந்நிலையில், இருபது ஆண்டுகளாக நிலைத்திருக்கும் விண்டோஸ் சட்டகங்களில் ஒன்றை எடுப்பதே நன்று. பேச்சுக்கு அது புதுமையாக இராது. ஆனால் மாதக் கணக்கை முடிக்கும் எழுத்தருக்குப் புதுமை வேண்டியதில்லை, கணக்கு முடியவேண்டும். மேக்கும் லினக்ஸும் கலந்த அலுவலகமாக இருந்தால், நம் விடை கியூட்டின் பக்கம் சாயும். எழுதுவோர் இணைய நிரலாளர்கள், கணினிகள் புதியவை என்றால், எலெக்ட்ரானும் தவறாகாது. எல்லார்க்கும் பொருந்தும் ஒரே சட்டகம் என்று ஒன்று கிடையாது.

எந்த முடிவானாலும், எழுதத் தொடங்கும் நாளிலேயே செய்யவேண்டிய ஒரு காவல் உண்டு. கணக்கு வேறு, முகம் வேறு என்று பிரித்துவைப்பதே அது. வட்டியைக் கணக்கிடும் விதி, கடனுக்குத் தகுதியை முடிவுசெய்யும் விதி ஆகியவற்றைப் பொத்தானுக்குப் பின்னாலேயே எழுதிவிடுவது எளிது; பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். பிறகு சட்டகத்தை மாற்றவேண்டிய நாள் வரும்போது, பொத்தானோடு சேர்ந்து விதிகளையும் பெயர்த்தெடுக்க நேரும். விதிகளைத் தனிப் பகுதியாக, சாளரம் என்ற ஒன்று இருப்பதையே அறியாத பகுதியாக எழுதிவைத்தால், முகத்தை மட்டும் மாற்றினால் போதும்.

உறுப்பினர்களின் பதிவுகளையும் சட்டகத்துக்கே உரிய மறைவான வடிவத்தில் பூட்டிவைக்கக் கூடாது. எஸ்.கியூ.லைட் என்னும் சிறிய தரவுத்தளம் இதற்கு ஏற்றது. ரிச்சர்ட் ஹிப் என்பவர் 2000இல் வெளியிட்ட இது, உரிமத் தடையின்றிப் பொதுவுடைமையாக விடப்பட்டது. 2050ஆம் ஆண்டுவரை இதனைப் பேணுவதே தங்கள் நோக்கம் என்று அதன் ஆக்குநர்கள் அறிவித்திருக்கிறார்கள். ஒரே கோப்பாக இருக்கும். எந்த நிரல்மொழியாலும் திறந்து படிக்கலாம். ஒரு கணினியில் மட்டும் பேரேடு திறக்கப்படும் அலுவலகத்துக்கு இதுவே போதும். மூன்று கணினிகளிலிருந்தும் ஒரே நேரத்தில் பதியவேண்டுமென்றால், அதற்கெனத் தனித் தரவுத்தளச் சேவையகம் வைத்துக்கொள்ளவேண்டும். சட்டகம் மறைந்தாலும் உறுப்பினரின் சேமிப்புக் கணக்கு மறையலாகாது என்பதே குறிக்கோள்.

நிறைவாக, நடைமுறைக்குரிய ஓர் ஆலோசனை. ஆழம் அறியாமல் காலை விடாதே என்பார்கள். இறுதியில் நிற்கும் இரண்டு சட்டகங்களிலும் ஒரு மாதிரிச் சாளரத்தை எழுதிப் பாருங்கள். எளிய சாளரத்தை எடுக்காதீர்கள். உள்ளதிலேயே கடினமானதை எடுங்கள். நம் சங்கத்தில் அது 800 பேரின் பட்டியல், தமிழ் அகரவரிசை, ஒருவரின் கடன் அட்டவணை, அதன் அச்சுப்படி ஆகியவை சேர்ந்த சாளரம். அதனை அலுவலகத்தின் மிகப் பழைய கணினியில் நிறுவி, நாள்தோறும் பேரேடு எழுதும் எழுத்தரையே இயக்கச் சொல்லி, அருகில் அமைதியாக உட்கார்ந்து கவனியுங்கள். இரண்டு வாரம் செலவாகும். விளம்பரத் தாள்களை இரண்டு மாதம் படித்தாலும் தெரியாத உண்மைகள் அந்த இரண்டு வாரத்தில் தெரிந்துவிடும்.

பணம் கொடுத்துச் செயலி எழுதச் சொல்பவர்களுக்கும் மூன்று கேள்விகள் போதும். 'எந்தச் சட்டகத்தின்மேல் கட்டுகிறீர்கள், அதன் உரிமையாளர் யார்? நீங்கள் இல்லாத நாளில் இதனைத் திருத்த வேறு யாரால் முடியும்? எங்கள் பதிவுகளை இந்தச் செயலி இல்லாமலேயே திறந்து பார்க்க இயலுமா?' இவற்றுக்குத் தெளிவான விடையை எழுத்தில் பெற்றுக்கொண்டு, அதன் பிறகு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுங்கள். 800 குடும்பங்களின் சேமிப்பு அந்தக் கணக்கில் இருக்கிறது என்பதை நினைத்தால், இந்த மூன்று கேள்விகளைக் கேட்பதற்குக் கூச்சம் தோன்றாது.